சுழல் இயந்திரக் கார் வாங்குமுன்: இயந்திர நலம் அறியும் முறை

முன்னுரை

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். விலை கொடுத்து வாங்கும் மாட்டுக்கு அந்த மரியாதை தேவையில்லை. பல்லைப் பார்க்கலாம், நடக்கவிட்டுப் பார்க்கலாம், ஏரில் பூட்டியும் பார்க்கலாம். பழைய கார் வாங்குவோரும் காலங்காலமாக இதைத்தான் செய்து வருகிறோம். போனட்டைத் திறக்கிறோம், இயந்திரத்தின் ஒலியைக் கேட்கிறோம், ஓடிய தூரத்தைப் பார்க்கிறோம், ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறோம்.

ஆனால், இந்த வழக்கமான சோதனைகளை எல்லாம் எளிதில் ஏமாற்றிவிடும் ஒரு கார் உண்டு. அதுதான் சுழல் இயந்திரம் பொருத்தப்பட்ட விளையாட்டுக் கார். மஸ்டா நிறுவனத்தின் ஆர்எக்ஸ்-7, ஆர்எக்ஸ்-8 ஆகிய இரண்டும் இவ்வகையில் பெயர் பெற்றவை. இவற்றுள் நம் இளைஞர்கள் கைக்கு எட்டும் விலையில் கிடைப்பது பெரும்பாலும் ஆர்எக்ஸ்-8. 2003 முதல் 2012 வரை தயாரிக்கப்பட்ட இந்தக் காரில் நால்வர் அமரலாம். பின்கதவுகள் எதிர்ப்புறமாகத் திறக்கும். தோற்றமோ பார்ப்பவரைத் திரும்பிப் பார்க்க வைக்கும். பட்டம் பெற்று வேலையில் சேர்ந்து, கையில் நாலு காசு சேர்ந்ததும், "இந்த விலைக்கு இப்படியொரு காரா!" என்று மனம் துள்ளுவது இயல்பே.

அந்த விலை ஏன் அவ்வளவு குறைவு என்பதுதான் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. விடை பெரும்பாலும் இயந்திரத்துக்குள்ளேயே இருக்கும். அதை வாங்கிய பிறகு கண்டுபிடிப்பவர் காரின் விலைக்கு நிகரான இன்னொரு தொகையைச் செலவழிக்க நேரிடலாம். கல்விக் கடனைத் திருப்பிக் கட்டத் தொடங்கியிருக்கும் ஒருவருக்கு அது தாங்கக்கூடிய அடியன்று. எனவே, வாங்குமுன் இந்த இயந்திரத்தின் நலத்தை எப்படி அறிவது என்பதைப் படிப்படியாகக் காண்போம்.

சுழல் இயந்திரம்: ஓர் அறிமுகம்

சாதாரண இயந்திரத்தில் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. அந்த ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றித்தான் சக்கரங்களுக்கு அனுப்புகிறார்கள். தொடக்கத்திலிருந்தே சுழலும் ஓர் உறுப்பை வைத்தால் என்ன என்று எண்ணியவர் ஜெர்மானியரான ஃபெலிக்ஸ் வாங்கெல். என்எஸ்யு நிறுவனத்தோடு இணைந்து அவர் உருவாக்கிய முதல் மாதிரி இயந்திரம் 1957ஆம் ஆண்டில் ஓடியது. ஹிரோஷிமாவைச் சேர்ந்த மஸ்டா நிறுவனம் 1961இல் இதற்கான உரிமத்தைப் பெற்றது. கெனிச்சி யமமோட்டோ தலைமையிலான பொறியாளர் குழு பல ஆண்டுகள் உழைத்ததன் பயனாக 1967இல் காஸ்மோ ஸ்போர்ட் என்னும் கார் விற்பனைக்கு வந்தது.

அந்தக் குழுவைப் பெரிதும் வாட்டிய சிக்கல் எது தெரியுமா? சுழலும் உறுப்பின் முனைகள் அறையின் உட்சுவரில் அலையலையாகக் கீறல்களை ஏற்படுத்தின. அவற்றை அவர்கள் 'சாத்தானின் நகக்கீறல்' என்றே அழைத்தனர். 1991இல் லீ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை மஸ்டா 787பி வென்றபோது இந்த இயந்திரத்தின் புகழ் உச்சிக்குச் சென்றது. ஆனால் முனைகளின் தேய்மானம் என்னும் அடிப்படைக் கவலை இன்றுவரை முற்றாக மறையவில்லை. நாம் செய்யப்போகும் சோதனைகளில் முக்கியமானது அந்த முனைகளைப் பற்றியதே.

இயந்திரத்தின் அமைப்பை மனக்கண்ணில் கொண்டு வாருங்கள். நிலக்கடலைத் தோட்டைப் போல நடுவில் சற்றே இடுங்கிய ஓர் அறை. அதனுள் பக்கங்கள் புடைத்த ஒரு முக்கோணம். இந்த முக்கோணமே சுழலி. இதன் மூன்று முனைகளும் எந்நேரமும் அறையின் சுவரைத் தொட்டுக்கொண்டே சுழலும். அதனால் சுழலிக்கும் சுவருக்கும் இடையில் மூன்று தனித்தனி அறைகள் உண்டாகின்றன. சுழலி சுழலச் சுழல, ஒவ்வோர் அறையும் பெரிதாகிச் சிறிதாகி, காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை உள்ளிழுத்து, அழுத்தி, எரித்து, புகையை வெளியேற்றுகிறது.

ஆர்எக்ஸ்-8இல் இத்தகைய சுழலிகள் இரண்டு. இரண்டுக்கும் சேர்த்து இயந்திரத்தின் கொள்ளளவு 1,308 சிசி. மொத்த அறைகள் ஆறு. சுழலி ஒரு முறை சுழலும்போது நடுவிலுள்ள தண்டு மூன்று முறை சுழலும். ஆறு கியர் கொண்ட ஆர்எக்ஸ்-8இன் வேகமானி 9,000 சுற்றைக் காட்டும்போது சுழலி 3,000 முறைதான் சுழல்கிறது. இத்தனை உயர்ந்த சுற்றிலும் அது அதிர்வில்லாமல் ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கே தேய்கிறது?

ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு வாயு கசியாமல் காப்பவை சிறுசிறு உலோகத் துண்டுகள். ஒவ்வொரு சுழலிக்கும் முனைகளில் மூன்று முனை அடைப்பிகள், இரு பக்கங்களிலும் சேர்த்து ஆறு பக்க அடைப்பிகள், இவை சந்திக்கும் இடங்களில் ஆறு மூலை அடைப்பிகள் உள்ளன. பட்டறையில் பேசும்போது ஏபெக்ஸ் சீல், சைட் சீல், கார்னர் சீல் என்றே சொல்லுங்கள். அங்கே அந்தப் பெயர்கள்தாம் வழக்கில் உள்ளன.

இந்த அடைப்பிகள் தேய்ந்தாலோ, கரி படிந்து தத்தம் பள்ளத்தில் சிக்கிக்கொண்டாலோ, உடைந்தாலோ அறையில் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் கலவை சரியாக எரியாது. இயந்திரம் கிளம்பத் திணறும், வேகம் குறையும், பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும். இறுதியில் ஒருநாள் சூடான நிலையில் கிளம்பவே மறுத்துவிடும்.

தேய்மானத்துக்கு முக்கியக் காரணங்கள் மூன்று எனலாம்.

முதலாவது, எண்ணெய்ப் பற்றாக்குறை. முனை அடைப்பிகள் உராய்ந்து தேயாமலிருக்க, இந்த இயந்திரம் தானாகவே சிறிதளவு எண்ணெயை அறைக்குள் செலுத்தி, பெட்ரோலோடு சேர்த்து எரிக்கிறது. எண்ணெய் குறைவது இங்கே பழுது ஆகாது. அதன் இயல்பே அதுதான். எண்ணெய் அளவை அடிக்கடி பார்த்து ஊற்றாத உரிமையாளர் தன் இயந்திரத்தைப் பட்டினி போடுகிறார் என்று பொருள்.

இரண்டாவது, வெப்பம். சுழலியைச் சுற்றியுள்ள உறை அலுமினியத்தால் ஆனது. பக்கச் சுவர்களோ வார்ப்பிரும்பு. இரண்டும் வெப்பத்தில் ஒரே அளவாக விரிவதில்லை. ஒரு முறை அளவுக்கு மீறிச் சூடேறினாலும் இவற்றுக்கு இடையிலுள்ள நீர் அடைப்பு வளையங்கள் பாதிக்கப்படலாம். நம் ஊர் வெயிலையும் மாலை நேர நெரிசலையும் இங்கே நினைவில் கொள்வது நல்லது.

மூன்றாவது, பலவீனமான தீப்பொறி. ஒவ்வொரு சுழலிக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக் வீதம் நான்கு பிளக்குகளும், அவற்றுக்கு நான்கு காயில்களும் உள்ளன. காயில் தளர்ந்துவிட்டால் எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குச் சென்று அங்கே எரியும். கன்வெர்ட்டர் உருகி அடைத்துக்கொள்ளும். வெளியேற வழியில்லாத வெப்பம் இயந்திரத்துக்கே திரும்பும். சில நூறு வெள்ளியில் மாற்றியிருக்க வேண்டிய காயில், இவ்வாறு முழு இயந்திரத்தையும் கொண்டு போய்விடுகிறது.

முதற்படி: குளிர்ந்த நிலையில் பார்த்தல்

பார்க்கப் போகும் நாளில் காரை முன்கூட்டியே கிளப்பி வைக்க வேண்டாம் என விற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். போனதும் போனட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், காரணம் கேளுங்கள். "சற்று முன்தான் பெட்ரோல் ஊற்றப் போனேன்" என்பது உண்மையாகவும் இருக்கலாம். அப்படியென்றால் வேறொரு நாள் வருவதாகச் சொல்லி விடைபெறுங்கள். குளிர்ந்த நிலையில் தெரியும் சில அறிகுறிகள் சூடான நிலையில் மறைந்துவிடும்.

இயந்திரத்தைக் கிளப்புமுன் எண்ணெய்க் கோலை உருவிப் பாருங்கள். அளவு அடிமட்டத்துக்குக் கீழே இருந்தால், அந்தக் காரின் பராமரிப்பைப் பற்றி வேறு சாட்சி வேண்டியதில்லை. "என் கார் எண்ணெயே குடிக்காது" என்று உரிமையாளர் பெருமையோடு சொன்னால் மகிழ்ச்சி அடையாதீர்கள். எண்ணெய் செலுத்தும் பம்போ அதன் குழாய்களோ வேலை செய்யாமல் இருக்கக்கூடும்.

அடுத்து, குளிர்நீர்க் கலத்தைத் திறந்து பாருங்கள். (சூடான நிலையில் அதைத் திறக்கவே கூடாது, கொதிநீர் முகத்தில் தெறிக்கும்.) நீர் குறைந்திருக்கிறதா, எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா, துருநிறமாக இருக்கிறதா எனக் கவனியுங்கள்.

பிறகு கிளப்பச் சொல்லுங்கள். நலமான இயந்திரம் அதிகம் தாமதிக்காமல் பிடித்துக்கொள்ளும். அப்போது ஒருவர் புகைக்குழாயின் பின்னால் நிற்க வேண்டும். நீலப் புகை தொடர்ந்து வந்தால் எண்ணெய் வளையங்கள் தளர்ந்திருக்கலாம். வெண்புகை இனிப்பு வாசனையோடு நெடுநேரம் வந்தால் குளிர்நீர் அறைக்குள் கசிகிறது. முதலில் தடுமாறிப் பின்னர் சீராகும் ஓட்டமும், குளிர்நீர்க் கலத்தில் இடைவிடாது எழும் குமிழிகளும் அதே சந்தேகத்தை வலுப்படுத்தும். நீர் அடைப்பு போன இயந்திரத்தை முழுவதுமாகப் பிரித்துத்தான் ஆக வேண்டும். அங்கேயே சோதனையை நிறுத்திவிடலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. குளிர்ந்த நிலையில் கிளப்பிய இந்த இயந்திரத்தைச் சில வினாடிகளில் நிறுத்திவிடக் கூடாது. அறைகளில் பெட்ரோல் தேங்கி, பிளக்குகள் நனைந்து, மறுபடி கிளம்பாமல் அடம்பிடிக்கும். கிளப்பிவிட்டால், முழுமையாகச் சூடேறும்வரை ஓடவிடுங்கள். இந்த விவரம் விற்பவருக்குத் தெரிந்திருக்கிறதா என்பதே அவர் காரை எப்படி வைத்திருந்தார் என்பதைக் காட்டிவிடும்.

இரண்டாம் படி: ஓட்டிப் பார்த்தல்

வெப்பமானியை நம்பி இருந்துவிடாதீர்கள். ஆர்எக்ஸ்-8இன் வெப்பமானி முள் பரந்த வெப்ப எல்லைக்குள் நடுவிலேயே நின்றுகொண்டிருக்கும். அது நகரத் தொடங்கும்போது நிலைமை கைமீறிப் போயிருக்கும். காரின் கணினியோடு இணைக்கும் சிறிய ஓபிடி கருவி ஒன்றை வாங்கிச் செல்லுங்கள். விலை அதிகமில்லை. உண்மையான வெப்பநிலையைத் திரையில் பார்க்கலாம். கணினியில் பதிவாகியிருக்கும் பழுதுக் குறியீடுகளையும் படிக்கலாம். குறியீடுகள் எல்லாம் அண்மையில்தான் அழிக்கப்பட்டிருக்கின்றன என்று கருவி காட்டினால், ஏன் அழித்தீர்கள் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

குளிர்சாதனத்தை ஓடவிட்டு, நெரிசல் மிகுந்த சாலையிலும் சற்று நேரம் ஓட்டுங்கள். வெப்பநிலை ஏறிக்கொண்டே போகிறதா, நிலையாக நிற்கிறதா? சிவப்பு விளக்கில் நிற்கும்போது இயந்திரம் சீராக ஓடுகிறதா, நின்றுவிடுமோ என நடுங்குகிறதா?

நன்றாகச் சூடேறிய பிறகு, பாதுகாப்பான நேர்ச்சாலையில், வேக வரம்புக்குள், தாழ்ந்த கியரில் சுற்றை உயர்த்திப் பாருங்கள். ஆறு கியர் கொண்ட மாதிரியில் வலிமை சுற்றோடு சேர்ந்து ஏறிக்கொண்டே போக வேண்டும். உயர்ந்த சுற்றில் மூச்சு முட்டுவதுபோல் தேங்கினால் காயிலையோ கன்வெர்ட்டரையோ சந்தேகிக்கலாம். "நான் இதை 4,000 சுற்றுக்கு மேல் முடுக்கியதே இல்லை" என்று சொல்பவரின் காரை மற்ற வகைக் கார்களில் தேடிப்பிடித்து வாங்குவோம். இங்கே அது நற்சான்று ஆகாது. உயர்ந்த சுற்றைக் காணாத சுழல் இயந்திரத்தில் கரி படிகிறது. சூடேறிய பின் அவ்வப்போது முழுமையாக முடுக்கப்பட்ட இயந்திரமே பெரும்பாலும் நலமாக இருக்கும்.

மூன்றாம் படி: சூடான நிலையில் மறுபடி கிளப்புதல்

காசு செலவில்லாத சோதனைகளில் இதுவே தலையாயது. ஓட்டிவிட்டு வந்ததும் இயந்திரத்தை நிறுத்துங்கள். ஐந்து முதல் பத்து நிமிடம் காத்திருங்கள். விற்பவரோடு ஒரு தேநீர் குடிக்கலாம். பிறகு, கால் முடுக்கியில் படாமல் சாவியைத் திருப்புங்கள்.

சூட்டில் எண்ணெய் இளகி மெலிந்திருக்கும். அடைப்பிகளின் ஓரங்களில் உள்ள சந்துகளை அது முன்போல் நிரப்பாது. ஆகவே, குளிரில் மறைந்திருந்த கசிவு இப்போது வெளிப்படும். நலமான இயந்திரம் சூட்டிலும் உடனே கிளம்பும். ஸ்டார்ட்டர் நெடுநேரம் சுழன்ற பின்னரே பிடித்தால், அல்லது முடுக்கியை மிதித்துக் கெஞ்சினால்தான் கிளம்பும் என்றால், அழுத்தம் குறைந்துவிட்டது என்று பெரும்பாலும் முடிவு கட்டலாம். பேட்டரியும் ஸ்டார்ட்டரும் பலவீனமாக இருந்தாலும் இதே குறை தோன்றும் என்பது உண்மையே. விற்பவரும் அதைத்தான் சொல்வார். அந்த வழக்குக்குத் தீர்ப்பு அடுத்த படியில் கிடைக்கும்.

உரிமையாளர் அனுமதித்தால் காதுக்கும் ஒரு வேலை கொடுக்கலாம். முடுக்கியை முழுவதுமாக மிதித்தபடி சாவியைத் திருப்பினால், ஆர்எக்ஸ்-8இன் கணினி பெட்ரோலை நிறுத்திவிடும். இயந்திரம் கிளம்பாமல் ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றும். அப்போது வரும் துடிப்பு ஒரே சீராக இருக்க வேண்டும். உறுமி மேளத்தில் ஒரு தட்டு விட்டுவிட்டுக் கேட்டால் நம் காது உடனே உணரும் அல்லவா? அதேபோல் இங்கும் ஓர் அடி மெலிந்து ஒலித்தால், ஆறு அறைகளில் ஏதோ ஒன்று கசிகிறது. பத்து வினாடிக்கு மேல் இப்படிச் சுற்ற வேண்டாம், ஸ்டார்ட்டர் சூடேறிவிடும்.

நான்காம் படி: அழுத்தத்தை அளத்தல்

இதுவரை செய்தவை எல்லாம் அறிகுறிகளை நாடிப் பார்ப்பது போன்றவை. இரத்தப் பரிசோதனை என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு நிகரானது அழுத்தச் சோதனை. பட்டறையில் 'கம்ப்ரஷன் டெஸ்ட்' என்பார்கள். உரிமை மாற்றத்துக்காகச் செய்யப்படும் வாகனப் பரிசோதனையில் இது இடம்பெறாது. அந்தச் சான்றிதழைக் காட்டி "இயந்திரம் தேர்ச்சி பெற்றுவிட்டது" என்று யாராவது சொன்னால் ஏமாற வேண்டாம்.

சாதாரண பிஸ்டன் இயந்திரத்துக்கான அழுத்தமானியால் இந்த வேலை நடக்காது. ஏனென்று பார்ப்போம். பிஸ்டன் இயந்திரத்தில் ஒரு பிளக் துளைக்கு ஓர் அறை. சுழல் இயந்திரத்திலோ ஒரே துளையை மூன்று அறைகள் மாறிமாறிக் கடக்கின்றன. சாதாரணமானி தனக்குக் கிடைத்த மிக உயர்ந்த அழுத்தத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு அதை மட்டுமே காட்டும். மூன்று பிள்ளைகளில் முதல் மாணவனின் மதிப்பெண்ணை மட்டும் பெற்றோரிடம் காட்டுவது போன்றது அது. தோல்வியுற்ற மற்ற இருவரும் மறைந்துபோவார்கள்.

சுழல் இயந்திரத்துக்கென்றே செய்யப்பட்ட மின்னணு மானி மூன்று அறைகளின் அழுத்தத்தையும் தனித்தனியே காட்டும். ஸ்டார்ட்டர் எத்தனை சுற்று வேகத்தில் சுழற்றியது என்பதையும் சேர்த்துக் காட்டும். இந்தக் கருவி உள்ள பட்டறையைத் தேடிப் போவது அவசியம். சோதனையின்போது இயந்திரம் முழுச் சூட்டில் இருக்க வேண்டும். பேட்டரி முழு மின்னேற்றத்தோடு இருக்க வேண்டும். பெட்ரோலும் தீப்பொறியும் நிறுத்தப்பட வேண்டும். முடுக்கி முழுவதுமாகத் திறந்திருக்க வேண்டும்.

ஆர்எக்ஸ்-8க்கு மஸ்டா வகுத்துள்ள அளவுகள் பின்வருமாறு. இவை 250 சுற்று வேகத்துக்கு உரியவை.

புதிய இயந்திரத்தின் இயல்பான அழுத்தம்: 830 கிலோபாஸ்கல் (சுமார் 120 பிஎஸ்ஐ)
குறைந்தபட்ச அழுத்தம்: 680 கிலோபாஸ்கல் (சுமார் 99 பிஎஸ்ஐ)
ஒரே சுழலியின் அறைகளுக்கிடையே இருக்கக்கூடிய வேறுபாடு: 150 கிலோபாஸ்கலுக்குள்
இரு சுழலிகளுக்கிடையே இருக்கக்கூடிய வேறுபாடு: 100 கிலோபாஸ்கலுக்குள்

ஸ்டார்ட்டர் வேகமாகச் சுழற்றினால் எண் கூடும்; மெதுவாகச் சுழற்றினால் குறையும். ஆகவே சுற்று வேகம் குறிப்பிடப்படாத அறிக்கை, தேதியிடாத காசோலையைப் போன்றது. 250 சுற்றுக்கு மாற்றிக் கணக்கிட்ட எண்களைக் கேட்டு வாங்குங்கள். "பேட்டரிதான் வீக்" என்று சொன்னவரின் வாதத்துக்கும் இங்கே விடை கிடைத்துவிடும். குறை ஸ்டார்ட்டரில் என்றால் சுற்று வேகம் குறைந்திருக்கும். மாற்றிக் கணக்கிட்ட அழுத்தம் நன்றாக இருக்கும்.

எண்களைப் படிக்கும் கலை

மூன்று கார்களைச் சோதித்ததாக வைத்துக்கொள்வோம். எண்கள் யாவும் கிலோபாஸ்கலில், 250 சுற்றுக்குக் கணக்கிடப்பட்டவை. இவை விளக்கத்துக்காக அமைத்த எடுத்துக்காட்டுகள்.

முதல் கார்: முன் சுழலி 770, 760, 775. பின் சுழலி 755, 750, 765.
இரண்டாம் கார்: முன் சுழலி 760, 755, 765. பின் சுழலி 735, 560, 550.
மூன்றாம் கார்: முன் சுழலி 690, 685, 695. பின் சுழலி 685, 690, 685.

முதல் காரில் ஆறு எண்களும் குறைந்தபட்சத்துக்கு மேலே வசதியாக இருக்கின்றன. தமக்குள் பெரிய வேறுபாடும் இல்லை. மற்றவை சரியாக இருந்தால் வாங்கலாம்.

இரண்டாம் காரைக் கவனியுங்கள். சாதாரணமானியை வைத்திருந்தால் முன் சுழலிக்கு 765, பின் சுழலிக்கு 735 என்று காட்டியிருக்கும். இரண்டும் தேர்ச்சி! ஆனால் பின் சுழலியின் இரண்டு அறைகள் 680க்கும் கீழே விழுந்துவிட்டன. வேறுபாடும் 185. ஏன் சரியாக இரண்டு அறைகள்? முனை அடைப்பி என்பது அடுத்தடுத்த இரு அறைகளுக்கும் பொதுச்சுவர். சுவர் இடிந்தால் இரண்டு வீட்டுக்கும் மழைநீர் வரும். ஆக, இரண்டு அறைகள் சேர்ந்து குறைந்தால் முனை அடைப்பியையும், ஓர் அறை மட்டும் குறைந்தால் பக்க அடைப்பியையும் முதலில் சந்தேகிப்பார்கள். எதுவானாலும் இயந்திரத்தைத் திறக்க வேண்டியதுதான்.

மூன்றாம் கார்தான் பலரையும் குழப்பும். எல்லா எண்களும் விதிப்படி தேர்ச்சி. ஒன்றுக்கொன்று வேறுபாடும் இல்லை. விற்பவர் அறிக்கையைச் சட்டம் போட்டு மாட்டாத குறையாகக் காட்டுவார். ஆனால் ஆறு அறைகளும் விளிம்பில் நிற்கின்றன. உடைந்தது எதுவுமில்லை; சீராகத் தேய்ந்து முதுமை அடைந்த இயந்திரம் இது. இன்னும் சில மாதங்கள் ஓடலாம், ஓரிரு ஆண்டும் ஓடலாம். இதை வாங்குவதென்றால், இயந்திரத்தைத் திறந்து கட்டும் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டு, அதற்கேற்ற விலைக்கு மட்டுமே வாங்க வேண்டும். அந்தத் தொகை கையில் இல்லாதவர் தொடக்கூடாத கார் இது.

அறைக்குள் கெட்டியான எண்ணெயை ஊற்றி, அழுத்தத்தைத் தற்காலிகமாக உயர்த்திக் காட்டும் தந்திரமும் உண்டு. எண்ணெய் சந்துகளை அடைத்துக்கொள்வதால் எண் கூடும். இயந்திரம் கிளம்பியதும் புகை மண்டலம் எழும். இதனால்தான் சோதனைக்கு முன் நீங்களே அரை மணி நேரமாவது காரை ஓட்டி, நேராகப் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று வலியுறுத்துகிறோம்.

ஆவணங்களும் கேள்விகளும்

ஓடிய தூரம் குறைவு என்பதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டு, அவ்வப்போது இரண்டு நிமிடம் மட்டும் கிளப்பி அணைக்கப்பட்ட கார், நாள்தோறும் நெடுஞ்சாலையில் ஓடிய காரைவிட மோசமான நிலையில் இருக்கலாம். ஜப்பானில் ஓடிய பின் இங்கு வந்த காராக இருந்தால், அங்கு எப்படிப் பராமரிக்கப்பட்டது என்பதற்கும் தாள் கேளுங்கள்.

பிளக்குகளும் காயில்களும் எப்போது மாற்றப்பட்டன? எண்ணெய் எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றப்பட்டது? ரேடியேட்டர் மாற்றப்பட்டதா? கேட்டுவிட்டு, ரசீதைப் பாருங்கள். 2009ஆம் ஆண்டு மாதிரி முதல் மஸ்டா எண்ணெய் செலுத்தும் அமைப்பை மேம்படுத்தி, ஒவ்வொரு சுழலிக்கும் இரண்டாக இருந்த செலுத்து முனைகளை மூன்றாக்கியது. ஆகவே, ஒத்த நிலையிலுள்ள இரு கார்களில் பிந்திய மாதிரி மேலானது. ஆயினும் கவனிப்பாரற்ற பிந்திய மாதிரியைவிட நன்கு பேணப்பட்ட முந்திய மாதிரியே சிறந்தது.

"இயந்திரம் புதிதாகக் கட்டியது" என்ற சொல்லுக்கு முன் சற்று நிதானியுங்கள். யார் கட்டினார்? எப்போது? அடைப்பிகளை மட்டும் மாற்றினார்களா, சுழலி உறைகளையும் மாற்றினார்களா? உட்சுவரின் குரோமியப் பூச்சு உரிந்துபோன பழைய உறைக்குள் புதிய அடைப்பியைப் போடுவது, சொரசொரப்பான கல்லில் புதுச் செருப்பைத் தேய்ப்பதற்குச் சமம். ரசீதும் படங்களும் இல்லாத 'புது இயந்திரம்' பழைய இயந்திரமாகவே மதிக்கப்பட வேண்டும். அதற்கும் அழுத்தச் சோதனை கட்டாயம்.

சிங்கப்பூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே 10 ஆண்டைக் கடந்த காரை வைத்திருக்க சிஓஇயைப் புதுப்பித்தாக வேண்டும். இப்போது அங்கு ஓடும் ஆர்எக்ஸ்-8 கார்கள் அப்படிப் புதுப்பிக்கப்பட்டவையே. நீங்கள் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி அந்த எஞ்சிய உரிமைக் காலத்துக்கானது. இயந்திரம் பட்டறையில் கிடக்கும் மாதங்களிலும் அந்தக் காலம் கரைந்துகொண்டே இருக்கும். ஆகவே சோதனையின் அவசியம் அங்கே இன்னும் கூடுதல்.

முடிவுரை

இவ்வளவு தொல்லை கொண்ட காரை ஏன் வாங்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், அதிர்வே இல்லாமல் 9,000 சுற்றுவரை ஏறும் அந்த இயந்திரத்தை ஒருமுறை ஓட்டிப் பார்த்தவருக்கு விடை தெரியும். மஸ்டாவும் அதை முற்றாகக் கைவிடவில்லை. 2023இல் எம்எக்ஸ்-30 காரில், மின்சாரம் உற்பத்தி செய்யும் துணை இயந்திரமாக ஒற்றைச் சுழலி கொண்ட புதிய வடிவத்தைக் கொண்டுவந்தது. ஆசைப்படுவதில் தவறில்லை. அளந்து பார்க்காமல் ஆசைப்படுவதில்தான் ஆபத்து.

இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால், இதை வையுங்கள்: ஆறு அறைகளின் அழுத்தமும், சுற்று வேகமும் குறிக்கப்பட்ட அறிக்கை கைக்கு வரும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள். சோதனைக் கட்டணத்தை நீங்களே ஏற்றுக்கொள்வதாகச் சொல்லுங்கள். இயந்திரத்தைத் திறந்து கட்டும் செலவோடு ஒப்பிட்டால் அது அற்பத் தொகை. அப்படியும் சோதனைக்கு உடன்படாத விற்பனையாளரிடம் வாதாட வேண்டியதில்லை. அவர் மறுப்பதையே சோதனை முடிவாக எடுத்துக்கொண்டு, நன்றி கூறி வந்துவிடுங்கள். கார்கள் இன்னும் கிடைக்கும். முதல் சில ஆண்டுச் சம்பளத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அவ்வளவு எளிதில் திரும்பக் கிடைக்காது.